யஷ்வந்துக்கு அறுபத்தாறு கிலோ

"நில்லுங்க! அங்கயே நில்லுங்க!"

கண்ணாடிக் கதவுக்கு உள்ளேயிருந்து வந்த அதட்டலில் ரித்திகாவின் கை கைப்பிடியிலேயே நின்றுவிட்டது.

"தும்முனீங்களா?"

"இல்லீங்களே..."

"நான் பார்த்தேனுங்க. கேட்டுக்குப் பக்கத்துல ஒண்ணு, படியேறறப்ப ஒண்ணு. மொத்தம் ரெண்டு."

ஒரு பெண் தொப்பலாக நனைந்து வந்து நிற்கிறாள். குடை காற்றில் மல்லாந்துவிட்டது. துப்பட்டாவைப் பிழிந்தால் ஒரு குடம் தண்ணீர் தேறும்... இவன் தும்மலை எண்ணிக்கொண்டிருக்கிறான்! பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்த ஆவணிக் காற்று சாயிபாபா காலனி மரங்களை எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தது. ரித்திகாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குளிரில் பல் தந்தியடித்ததால் அது கோபம் மாதிரியே வெளியே வரவில்லை.

"ஏனுங்க, நான் ஆடிட்டர் ஆபீசுல இருந்து வாரேன். இந்த மழையில தும்மல் வராம பாட்டா வரும்?"

"பாட்டு வந்தா உள்ள வரலாமுங்க. தும்மல் வந்தா முடியாதுங்க."

முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும். கருகருவென்று, கொஞ்சம் தூக்கம் கெட்ட கண்கள். விரட்டும்போதும் 'ங்க' போட மறக்காத மனிதனின் கண்கள்... சே, இதை எதற்கு இப்போது கவனிக்கிறோம் என்று ரித்திகா தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவன் பெயர் நிதீஷ். ஊர் வெள்ளகோவில். அந்தப் பழைய பங்களாவில் நடக்கிற ஆயிரங்கை அறக்கட்டளைக்கு அவன்தான் மேனேஜர். பிறக்கும்போதே நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாமல் பிறந்த நாற்பத்து மூன்று பேருக்கு அந்த அறக்கட்டளை இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை மருந்து ஏற்றி வந்தது. நமக்கு ஒரு கைக்குட்டையோடு போகிற சளி, அவர்களை ஐ.சி.யூ.வில் படுக்க வைத்துவிடும். மருந்துச் செலவில் முக்கால்வாசியை ஒரு பெரிய கம்பெனி தந்துகொண்டிருந்தது. அடுத்த திங்கட்கிழமைக்குள் கணக்கு சுத்தமாக இருக்கிறதென்று ஆடிட்டர் அறிக்கை போனால்தான் இந்த வருடமும் தரும். அந்த அறிக்கையை எழுத வந்தவளைத்தான் அவன் மழையில் நிறுத்தி வைத்திருந்தான்.

கடைசியில் போர்ட்டிகோவில் ஒரு பிளாஸ்டிக் மேஜை, ஒரு நாற்காலி. ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்து ஃபைல்களை நீட்டினான். கண்ணாடி கனமாக இருந்ததால் பேச்செல்லாம் செல்போனில். எதிரே இரண்டடி தூரத்தில் அவன் கண்கள், காதுக்குள் அவன் குரல்... அவள் அந்த நம்பரைத் 'தும்மல் போலீஸ்' என்று சேமித்து வைத்தாள்.

மறுநாள் காலை மேஜை மேல் ஒரு ஃபிளாஸ்க் இருந்தது. திறந்தால் சுக்குக் காப்பி.

"லஞ்சமுங்களா?" என்றாள் போனில்.

"மருந்துங்க. சீக்கிரம் குணமாயிட்டு உள்ள வந்தீங்கன்னா எனக்கு ஜன்னல் தெறந்து மூடற வேலை மிச்சம்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கண்கள் சிரித்தன. ரித்திகா குனிந்து ரசீதுகளை எண்ண ஆரம்பித்தாள். எண்ணிக்கை இரண்டு தடவை தப்பியது.

ஆனால் அந்த வீடு... அது அவளுக்குச் சரியாகப் படவில்லை. வாசலில் கோலம் இல்லை. ஒரு பூந்தொட்டி இல்லை, துளசி இல்லை. மண்ணில் இருக்கிற பூஞ்சை இவர்களுக்கு ஆகாதென்று காரணம் சொன்னான் நிதீஷ். சொன்ன பிறகும், செடியே இல்லாத அந்த வாசலை அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். உள்ளே ஹால் சுவரில் வரிசையாகக் குழந்தைகளின் படங்கள் மாட்டியிருந்தன. ஒன்றுக்கும் மாலை இல்லை. அதில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை வங்கிக் கணக்கைப் புரட்டும்போது ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது. இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை, நாள் தவறாமல், அறுபதாயிரம் ரூபாய். அனுப்பியவர் யஷ்வந்த்.

"நல்ல மனுசனா இருக்காருங்க இந்த யஷ்வந்த். இவருக்கு நாங்க ஒரு லெட்டர் அனுப்பிப் பணம் குடுத்தது உண்மைதான்னு கேட்டு வாங்கணும். அட்ரஸ் குடுங்க."

நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்களில் சிரிப்பு அணைந்திருந்தது.

"அவரு பதில் போட மாட்டாருங்க" என்றான் நிதீஷ்.

* * *

வியாழக்கிழமை ரித்திகாவுக்கு அனுமதி கிடைத்தது. மூன்று தடவை கை கழுவி, வேறு செருப்பு மாற்றி, முகக்கவசம் போட்டு உள்ளே போனாள். மருந்து ஏற்றும் அறையில் ஆறு சாய்வு நாற்காலிகள். ஐந்தில் ஆட்கள் இருந்தார்கள். ஜன்னலோரம் இருந்த மூன்றாவது நாற்காலி காலி. அதில் ராக்கெட் படம் போட்ட ஒரு சின்னத் தலையணை.

களைத்துப்போய் உட்காரப் போனவளின் துப்பட்டாவை யாரோ பிடித்து இழுத்தார்கள். அக்ஷிதா, ஏழு வயது, கையில் ட்ரிப்ஸ்.

"அக்கா, அதுல உக்காரக்கூடாது. அது யஷ்வந்த் அண்ணனோடது."

"அண்ணன் எப்ப வருவாங்க கண்ணு?"

"நாளைக்கு வெள்ளிக்கெழமெ. நாங்கெல்லாம் போனதுக்கப்பறம்தான் வருவாங்க."

அப்படியென்றால் பணம் கொடுப்பவனும் யஷ்வந்த், மருந்து வாங்குபவனும் யஷ்வந்தா? ரித்திகா அலமாரியில் நோயாளிகளின் ஃபைல்களைத் தேடினாள். யஷ்வந்த், வயது பதினொன்று, ஊர் பீளமேடு. தாய் பெயர் ராமாமணி. ஃபைலின் கடைசிக் காகிதம் ஒரு இறப்புச் சான்றிதழ். இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

அவள் மருந்துப் பதிவேட்டைத் திறந்தாள். இறப்பதற்கு முந்தைய வரியில் எடை இருபத்தெட்டு கிலோ, மருந்து மூன்று பாட்டில் என்று இருந்தது. அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அடுத்த பக்கத்தில் யஷ்வந்த், அறுபத்து நாலு கிலோ, ஆறு பாட்டில். அதற்கடுத்து அறுபத்தைந்து. போன மாதம் அறுபத்தாறு...

செத்துப்போன பையன் வளர்ந்துகொண்டே இருக்கிறான்!

அவள் பதிவேட்டை மூடினாள். ஜன்னலோர நாற்காலியின் தலையணை, யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி நடுவில் குழிந்திருந்தது. முன்பும் அப்படித்தான் இருந்ததா என்பது அவளுக்கு நினைவில்லை.

* * *

"வெள்ளிக்கெழமெ மத்தியானம் நான் லீவுங்க" என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டு மணிக்கே நிதீஷ் காணாமல் போனான். குழந்தைகளும் போனார்கள். இரண்டு மணிக்கு மேகம் திரண்டு வீடே இருட்டிக்கொண்டு வந்தது. கரண்ட் போனது. கணக்கறையில் ரித்திகா தனியாக இருந்தாள். மருந்து வைத்திருந்த ஃபிரிட்ஜின் உறுமல் மட்டும் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் நர்ஸ் நிலோஃபரின் குரல் கேட்டது. மருந்து ஏற்றுவதற்கு முன் பெயரைக் கூப்பிட வேண்டும், ஏற்றிக்கொள்பவர் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். ஆள் மாறிவிடக் கூடாதென்று அங்கே அப்படி ஒரு வழக்கம்.

"யஷ்வந்த்!"

மழை... வெறும் மழை. பிறகு மெல்ல ஒரு பதில்.

"இருக்கேனுங்க."



"எடை?"

"அறுபத்தாறுங்க."

ஓடிவிடலாம் என்றுதான் ரித்திகாவுக்குத் தோன்றியது. கால் எதிர்ப்பக்கம் போனது. செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து, ஒரே இழுப்பில் திரையை விலக்கினாள்.

மூன்றாவது நாற்காலியில் ஓர் ஆண், வலது கையில் ட்ரிப்ஸோடு சாய்ந்திருந்தான். பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், அவன் இடது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, உதட்டில் ஒரு சிரிப்போடு இருந்தார். வெளிச்சம் பட்டதும் அவன் திரும்பினான். முகக்கவசம் இல்லை. அந்த முகத்தை அவள் இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். ஆனால் கண்கள்... அந்தக் கண்களை ஐந்து நாளாகத் தெரியும்.

"நீங்களா...?" "செத்த பையன் பேர்ல மருந்து திருடறது நீங்களா?"

"ரித்திகா, எந்திரிக்க முடியாதுங்க, அஞ்சு மணி நேரம் ஆகும். ஒரே ஒரு நிமிசம் கேட்டுட்டுப் போங்க..."

அவள் கேட்கவில்லை. கணபதிப் பக்கம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கழற்ற மறந்த முகக்கவசத்துக்குள் வழிநெடுக அழுதாள். ஐந்து நாள் பார்த்த கண்களுக்காகவா இவ்வளவு அழுகை? ஆமாம், அந்தக் கண்களுக்காகத்தான். அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

* * *

ஆனாலும் அவள் ஆடிட்டர் ஆபீஸ் பெண். அழுது முடித்ததும் கூட்டிப் பார்த்தாள். யஷ்வந்த் பெயரில் வந்த பணம், யஷ்வந்த் பெயரில் போன பாட்டில்களின் விலை... இரண்டு வருடக் கணக்கும் ஒரு ரூபாய் மிச்சமில்லாமல் நேராக நின்றது. இது என்ன திருட்டு?

சனிக்கிழமை காலை போனபோது, போர்ட்டிகோவில் அவளுடைய பிளாஸ்டிக் நாற்காலியில் நிதீஷ் உட்கார்ந்திருந்தான். முகக்கவசத்தோடு, மடியில் ராஜினாமாக் கடிதத்தோடு. ரித்திகா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னலுக்கு வந்து போன் செய்தாள். இன்றைக்கு அவன் வெளியே, அவள் உள்ளே.

"பைசா பாக்கியில்ல. அப்பறம் எதுக்குங்க இந்த வேசம்?"



"எனக்கும் பொறவியிலயே இந்த நோவு இருக்குதுங்க. எங்கப்பா வெள்ளகோவில்ல ரெண்டு ஏக்கரா தென்னந்தோப்ப வித்துத்தான் என்னைய வளர்த்தாரு. மிச்சத்தையும் விக்கப் போனாரு. அதான் அவருகிட்ட குணமாயிருச்சுன்னு பொய் சொல்லிப்போட்டு இங்க வேலைக்கு வந்துட்டேன். இங்க சம்பளம் வாங்கறவங்க இங்க மருந்து வாங்கக்கூடாதுன்னு ரூல்ஸுங்க. கையில காசில்லாம ரெண்டு தடவை மருந்தையே விட்டுட்டேன்."

"யஷ்வந்த்?"

"அவன் செத்த இருபத்தோராம் நாளு ராமாமணியம்மா இங்க வந்து அந்தக் காலி நாற்காலிகிட்ட உக்காந்தாங்க. 'ஒரே ஒருக்கா அவன் பேரைக் கூப்புடுங்க'ன்னாங்க. நிலோஃபர் அக்கா கூப்புட்டாங்க. பதில் சொல்ல ஆளில்லீங்களே... அந்தம்மா மொகத்தப் பார்க்க முடியல. 'இருக்கேனுங்க'ன்னு சொல்லிப்போட்டேன். நானாச் சொல்லலீங்க, அதுவா வந்துருச்சு. நிலோஃபர் அக்கா அவங்ககிட்ட என் நெலமையச் சொல்லிட்டாங்க. அடுத்த நாளே ராமாமணியம்மா அந்தப் பையன் அக்கவுண்ட்ல இருந்து என் மருந்துக்குப் பணம் அனுப்புனாங்க. அவங்க அதை மூடவே இல்ல."

"எடையை மட்டும் எதுக்கு மாத்தி எழுதுனீங்க?"

"பேர்ல பொய் சொல்லலாமாமா... எடையில பொய் சொன்னா மருந்து தப்பாப் போயிருமாமா. நிலோஃபர் அக்கா எழுத மாட்டேன்னுட்டாங்க."

ரித்திகாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"செத்தவன் பேருக்குப் பதில் சொல்றப்போ... பயமா இருக்காதுங்களா?"

"ஒரு பாட்டில் மருந்துக்கு ஆயிரம் பேரு ரத்தம் வேணுமுங்க. என்னைய உசுரோட வெச்சிருக்கறது எதுவுமே என்னதில்ல. ஆயிரத்துல ஒருத்தனா அவனும் இருந்துட்டுப் போறான்னு நெனச்சேன்." அவன் குரல் தாழ்ந்தது. "ஆனா இப்பெல்லாம் கனவுல ராக்கெட்டா வருதுங்க. எனக்கு ராக்கெட்டுன்னா ஒண்ணுமே தெரியாது..."

காற்று ஒருமுறை கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போனது. ரித்திகா சுதாரித்துக்கொண்டாள்.

"நான் பொய்க்குக் கையெழுத்துப் போட மாட்டேனுங்க. செத்த பேரு புஸ்தகத்துல இருந்தா கம்பெனி பணத்த நிறுத்திரும், நாப்பத்து மூணு பேரு மருந்தும் போயிரும். நடந்தத நடந்தபடி நீங்களே எழுதிக் குடுங்க. உங்க பேரைப் போடுங்க. உங்கப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க."

"அதுக்குத்தான் ராஜினாமா எழுதிட்டேனுங்க. நான் போயிட்டா ஆச்சு. ஊரே பரிதாபமாப் பார்க்கும், நீங்களும் பார்ப்பீங்க. அது மட்டும் வேண்டாமுங்க."

"பரிதாபமா?" அவள் தன் செல்போனைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினாள். திரையில் 'தும்மல் போலீஸ்' என்றிருந்தது. "பரிதாபப்படறவ இப்படிப் பேரு வெப்பாளுங்களா? நேத்து பஸ்ஸுல உங்களுக்காக அழுதேன். திருட்டுப் பயலேன்னு திட்டிட்டே அழுதேன். உங்க பேர்ல உக்காருங்க நிதீஷ். அப்பத்தான் நான் யாருக்காக அழுதேன்னு எனக்கே தெரியும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. கன்னம் சூடாகியது. நல்லவேளை, முகக்கவசம் இருந்தது... அவன் ராஜினாமாவை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, அவளுடைய அழைப்பைத் துண்டித்தான். வேறு ஒரு நம்பரை அழுத்தினான்.

அவன் தன் அப்பாவிடம் பேசியது அவளுக்குக் கேட்கவில்லை. கண்கள் மட்டும் தெரிந்தன. முதலில் அவை தரையைப் பார்த்தன. பிறகு நிரம்பி வழிந்தன.

"என்ன சொன்னாருங்க?" என்றாள் மறுபடி போனில்.

"'தோப்பு போனாப் போவுது, நீ எதுக்குடா இன்னொருத்தன் பேருக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிட்டே'ன்னு கேட்டாருங்க."

ஞாயிற்றுக்கிழமை ரித்திகா பீளமேட்டுக்குப் போய் ராமாமணியம்மாவைப் பார்த்தாள். இனிமேல் பணம் அவர் பெயரிலேயே வர வேண்டும், யஷ்வந்தின் கணக்கை மூடிவிட வேண்டும் என்று மெதுவாகச் சொன்னாள். அந்த அம்மாள் மறுக்கவில்லை.

"அப்ப இனி யாருமே அவனைக் கூப்புட மாட்டாங்களா அம்மணி?" என்று மட்டும் கேட்டார்.



* * *

அறிக்கையில் அவள் எதையும் மறைக்கவில்லை. அறங்காவலர்கள் கூடி, அவரவர் செலவை வேறொருவர் முழுதாக ஏற்றால் ஊழியரும் மருந்து பெறலாம் என்று விதியைத் திருத்தினார்கள். கம்பெனி பத்து நாள் கேள்வி மேல் கேள்வி கேட்டு எல்லோருடைய தூக்கத்தையும் கெடுத்துவிட்டு, பதினோராம் நாள் பணத்தை அனுப்பியது.

இருபத்தோராம் நாள் நிதீஷின் அடுத்த வெள்ளிக்கிழமை முறை வந்தது. அன்றும் மழை. ரித்திகாவுக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். வெள்ளகோவிலிலிருந்து நிதீஷின் அப்பா ஈஸ்வரமூர்த்தி முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டார். மிச்சத் தோப்பின் பத்திரத்தை ஒரு மஞ்சள் பையில் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"அதைய உள்ள வைங்க மாமா, இப்ப ஒண்ணும் விக்க வேண்டாம்" என்றாள் ரித்திகா.

ஈஸ்வரமூர்த்தி மகனைப் பார்த்தார். மகன் கூரையைப் பார்த்தான். நிலோஃபர் முகத்தைத் திருப்பிக்கொண்டு எடை இயந்திரத்தை இழுத்து வைத்தாள்.

நிதீஷ் ஏறி நின்றான். சிவப்பு எண்கள் ஓடி நின்றன. தொண்ணூற்று நாலு.

"ஈரத்துல மிஷின் கெட்டுப்போச்சாட்ட இருக்குது..." என்று நிலோஃபர் குனிந்தாள்.

ரித்திகாவுக்குக் கணக்குத் தானாக ஓடியது. அறுபத்தாறும் இருபத்தெட்டும்... இருபத்தெட்டு, யஷ்வந்தின் கடைசி எடை. ராமாமணியம்மாவும் அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பயப்படவில்லை.

"போதும் கண்ணு. எறங்கிக்கோ" என்றார், மிக மெதுவாக.

நிதீஷ் இன்னும் காலை அசைக்கவில்லை. எண் மட்டும் இறங்கியது. அறுபத்தாறு.

ராமாமணியம்மா ராக்கெட் தலையணையை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டார். பிறகு நிலோஃபருக்கு முந்தி அவரே கூப்பிட்டார்.

"நிதீஷ்!"

"இருக்கேனுங்கம்மா."

அவர் தன் இடத்திலிருந்து எழுந்து, ரித்திகாவை அங்கே உட்கார வைத்துவிட்டு வெளியே போனார். ஊசி ஏறியது. மருந்து சொட்டத் தொடங்கியது. ஜன்னலில் மழை வழிந்துகொண்டிருந்தது. நிதீஷ் முகக்கவசத்தைக் கழற்றியிருந்தான். அவனுடைய இடது கை, குளிர்ந்துபோய், அவள் கைக்குப் பக்கத்தில் கிடந்தது.

"ஏனுங்க..." என்றாள்.

"சொல்லுங்க."

"உங்களுக்குள்ள ஆயிரம் பேரு இருக்காங்கன்னீங்களே. இன்னொருத்திக்கு எடமிருக்குதுங்களா?"

அவன் கண்கள் அவளையே பார்த்தன. முதல் நாள் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்த அதே கருப்பு. இப்போது நடுவில் கண்ணாடி இல்லை.

"அவங்கெல்லாம் இருபத்தோரு நாளுதாங்க இருப்பாங்க. அப்பறம் போயிருவாங்க."

"நான் போக மாட்டேனுங்க" என்று சொல்லி ரித்திகா அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.